சொத்தைப் பிரித்த கதை

எர்லாங்கனில் எங்கள் பல் டாக்டர் என் மகளுக்குக் கடிதம் எழுதுவார். எனக்கல்ல, என் மனைவி யூலியாவுக்குமல்ல. ஆறு வயது மாலினிக்கு. உறையின் மேல் அவள் பெயரை முழுசாக, மரியாதையாக எழுதி, உள்ளே ஓர் அட்டை வைத்திருப்பார். அட்டையில் வாயை ஆவென்று திறந்துகொண்டு ஒரு முதலை. "அன்புள்ள மாலினி, உன் பற்களைப் பார்த்து ஆறு மாதம் ஆகிவிட்டது. அவை நலமா?" ஜெர்மனிக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. குப்பையை நான்கு தொட்டிகளில் பிரித்துப் போடப் பழகிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஆணி அடிக்காமல் இருக்கவும் பழகிவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு மட்டும் இன்னும் பழகவில்லை. ஆவடிக்குப் பக்கத்தில் எங்கள் வெள்ளானூரில் பல்லின் நலம் விசாரித்து யாரும் யாருக்கும் எழுதியதில்லை. கன்னம் ஒரு பக்கம் வீங்கி, தெருவில் போகிறவர்கள் "இன்னா, வாயில லட்டா?" என்று கேட்ட பிறகுதான் எங்களுக்குப் பல் என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வரும்.

முதல் கடிதம் வந்தபோது மாலினிக்கு மூன்று வயது. மூவருமாகப் போனோம். வரவேற்பில் இருந்த பெண்மணி சிரித்த முகத்தோடு என்னைக் கேட்டார், "மாலினியை ஃபோர்பெரைட்டன் செய்துவிட்டீர்களா?" ஃபோர்பெரைட்டன் என்றால் தயார் செய்வது. அந்தச் சொல் எனக்கு நன்றாகவே தெரியும். "செய்துவிட்டேன். காலையில் குளிப்பாட்டினேன், தலை வாரினேன், வயிறு நிறைய இட்லி கொடுத்தேன்" என்றேன் பெருமையாக. அவர் என்னைப் பார்த்தார். யூலியா சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். அவர் கேட்டது குழந்தையின் மனதைப் பற்றி என்று எனக்குப் புரிய ஐந்து நிமிடம் ஆனது. அங்கே பல் டாக்டரிடம் போவதற்கு முன் இரண்டு மூன்று நாளாவது வீட்டில் ஒத்திகை நடக்க வேண்டும். கரடி பொம்மையை நாற்காலியில் சாய்த்து வைத்து அதன் பல்லை எண்ண வேண்டும். டாக்டர் என்ன செய்வார், எதனால் செய்வார், என்ன சத்தம் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பொய் சொல்லக் கூடாது. "வலிக்கவே வலிக்காது" என்பது அங்கே கெட்ட வார்த்தை மாதிரி. குத்தும் என்றால், "கொஞ்சம் பீக்ஸ் இருக்கும்" என்று சொல்லிவிட வேண்டும். ஊசி குத்துவதற்கு ஜெர்மன் குழந்தைகள் வைத்திருக்கும் செல்லப் பெயர் பீக்ஸ். அந்தப் பெண்மணி இதையெல்லாம் விளக்க விளக்க, நான் பூம்பூம் மாடு போலத் தலையாட்டினேன். ஏன் இவ்வளவு ஆட்டுகிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

காரணம் பரோட்டா. எனக்கு ஒன்பது வயதில் கடைவாய்ப் பல் வலித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா, "வா நைனா, பூந்தமல்லி போயி பரோட்டா துன்னுட்டு வரலாம்" என்றார். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த மனிதர். ஷிப்ட் முடிந்து வந்தால் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார். அவரே கூப்பிட்டதில் எனக்குக் கால் தரையில் படவில்லை. ஆவடியில் பஸ் வந்து நிற்பதற்குள் அப்பா ஜன்னல் வழியாகத் தன் தோள் துண்டை வீசி எனக்கு இடம் பிடித்தார். துண்டு விழுந்த சீட்டில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் பத்திரப் பதிவுக்கு அடுத்தபடி மரியாதை துண்டுக்குத்தான். பூந்தமல்லியில் இறங்கி நடந்தோம். பரோட்டாக் கடை வந்தது. பரோட்டாக் கடை போனது. கல்லில் கரண்டி தட்டும் சத்தம் எங்களுக்குப் பின்னால் தேய்ந்துகொண்டே போனது. ஒரு மாடிப்படி ஏறினோம், மேலே மருந்து வாசனை அடித்தது. நான் திரும்பி ஓடுவதற்குள் லேத் பிடித்த கை என்னைப் பிடித்துவிட்டது. டாக்டரின் விரலைக் கடித்தேன். அதற்கும் சேர்த்து ஓர் அறை வாங்கினேன். பல் போனது. வாயில் பஞ்சோடு திரும்பி வரும்போது பரோட்டாவைக் கண்ணால் பார்க்கத்தான் முடிந்தது. வலி இரண்டு நாளில் போய்விட்டது, ஏமாந்தது போகவில்லை. இன்றைக்கும் பரோட்டா வாசனை வந்தால் எனக்குப் பல் கூசும். என் பிள்ளையிடம் இப்படி ஒரு பொய்யைச் சொல்ல மாட்டேன் என்று, பிள்ளை பிறப்பதற்கு இருபது வருடம் முன்பே சத்தியம் செய்துவிட்டேன்.

அந்தச் சத்தியத்துக்குச் சோதனை இந்த ஆகஸ்டில் வந்தது. யூலியாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நானும் மாலினியும் மட்டும் மூன்று வாரத்துக்கு வெள்ளானூர் வந்தோம். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மாலினிக்குத் தெரிந்த தமிழ் முழுக்க என் வாயிலிருந்து போன தமிழ். யூலியாவின் தமிழ் 'போதும்', 'சாப்பிடு', 'ஐயோ' என்ற மூன்று சொல்லோடு முடிந்துவிடும். ஆகவே நான் தமிழில் ஒரு பொய் சொன்னால், சரிபார்த்துக்கொள்ள அவளுக்கு வேறு தமிழ் இல்லை. வந்த முதல் நாள் மாலையே பின்புறக் காலி நிலத்தில் வெறுங்காலோடு நின்று செவப்பெறும்பிடம் கடி வாங்கினாள். பாதம் பூரி மாதிரி உப்பிவிட்டது. அப்பா தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே, "கருப்பா ஓடுதே, அது புள்ளையாரு எறும்பு, கடிக்காது. செவப்பா கீறது கடிக்கும். பாத்து கால வெக்கணும் கண்ணு" என்று பாடம் எடுத்தார். எர்லாங்கனில் எறும்பு ஒரே சாதி. இரண்டு வகை இருப்பதை அவள் மிக முக்கியமான செய்தியாக அன்றிரவே அம்மாவுக்குப் போனில் சொன்னாள்.

நான்காம் நாள் அக்கா செல்வி வாங்கிக் கொடுத்த கமர்கட்டைக் கடித்து வீலென்று கத்தினாள். டார்ச் அடித்துப் பார்த்தேன். வலது கீழ்க் கடைவாயில் ஒரு பால் பல், நடுவில் கருப்பாகக் குழி, ஓரம் உடைந்திருந்தது. அந்தப் பக்கம் கடித்தால்தான் வலி, மற்றபடி ஓடியாடிக்கொண்டிருந்தாள். ஆவடியில் அக்காவுக்குத் தெரிந்த பல் கிளினிக்குக்குப் போன் போட்டேன். டாக்டரம்மாவே எடுத்தார். போட்டோ அனுப்பச் சொன்னார். பார்த்துவிட்டு, "சொத்தை ஆழமா போயிருக்க மாதிரி தெரியுது சார். நேர்ல பாத்துத்தான் சொல்லணும், எடுக்க வேண்டி வரலாம். இப்பவே வாங்களேன், யாரும் இல்ல" என்றார்.

"இல்லைங்க டாக்டர், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு டெர்மின்... ஒரு அப்பாயின்ட்மென்ட் கிடைக்குமா?"

"வலின்னு சொன்னீங்களே சார்?"

"கடிச்சாத்தான் வலி. குழந்தையைத் தயார் பண்ணணும். ரெண்டு நாள் வேணும்."

"கல்யாணத்துக்குத்தான் சார் இவ்வளவு தயார் பண்ணுவாங்க" என்றார் டாக்டர். இருந்தாலும் வலி மருந்தின் பெயரைச் சொல்லி, ராத்திரி வலியோ வீக்கமோ வந்தால் காத்திருக்காமல் வந்துவிடச் சொன்னார். வீட்டில் அப்பாவுக்கும் விளங்கவில்லை. "இன்னாத்துக்கு ரெண்டு நாளு? ஐஸ்கிரீம் வாங்கித் தரேன்னு இட்டுகினு போ. முடிஞ்சிது வேல" என்றார். "பரோட்டா மாதிரியா?" என்று கேட்டேன். அப்பா செய்தித்தாளை உதறினார்.

ஒத்திகை தொடங்கியது. கரடி பொம்மை எர்லாங்கனிலேயே தங்கிவிட்டது. அதனால் பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரில் சாய்த்து அப்பாவை உட்கார வைத்தோம். மாலினி டாக்டர். எவர்சில்வர் ஸ்பூன் கண்ணாடி, மொபைல் டார்ச் விளக்கு, கிளினிக் மெஷின் சத்தத்துக்கு அக்காவின் மிக்ஸி. "வாயைத் திறங்க தாத்தா. இப்போ நான் எண்ணப் போறேன், அவ்வளவுதான்" என்று எர்லாங்கன் டாக்டரின் குரலிலேயே சொன்னாள். அப்பா திறந்தார். அவள் ஐந்து வரை எண்ணுவதற்குள் குறும்பு தாங்காமல், மேல் பல்செட்டைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார். மாலினி அந்தப் பல்வரிசையையும் தாத்தாவின் பொக்கை வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கூவினாள், "அப்பா! தாத்தா எல்லாத்தையும் ஒரே தடவையில எடுத்துட்டார்! அழவே இல்ல!" இரண்டு நாளில் நான் கட்ட நினைத்த தைரியத்தை அப்பா ஒரு நொடியில் கட்டிவிட்டார். சிரித்துச் சிரித்து அக்கா மிக்ஸியை அணைக்கவே மறந்துபோனாள்.

நான் என் பங்குக்கு ஒரு சொல்லைக் கற்றுக்கொடுத்தேன். பல்லில் வந்திருக்கும் கருப்புக்கு ஜெர்மன் பெயர் அவளுக்குத் தெரியும். தமிழில் அதன் பெயர் சொத்தை என்றேன். சொத்தை, சொத்தை என்று நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தாள். புதுச்சொல் கிடைத்தால் அவளுக்குப் புது பென்சில் கிடைத்த மாதிரி. "பல்லில் சொத்தை இருந்தால் டாக்டர் எடுத்துவிடுவார். அந்த இடத்தில் பெரிய பல் வரும்" என்றேன். மறுநாள் காலை வரை எல்லாம் திட்டப்படி நடந்தது.

அக்காதான் முதலில் கெடுத்தாள் என்று நினைத்தேன். குழந்தைக்குத் தலை பின்னிக்கொண்டே, "ஊசி ஒண்ணுமே இல்லடா செல்லம், எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்று சொல்லிவிட்டாள். மாலினி உடனே திரும்பி, "எந்த எறும்பு?" என்றாள். அக்கா சடையை இன்னும் இறுக்கிப் பின்னினாள். குழந்தை அந்தப்பக்கம் போனதும் நான் சண்டைக்குப் போனேன்.

"பொய் சொல்லாதன்னு சொன்னேன்ல அக்கா?"

"இது பொய்யாடா? எறும்புன்னுதானே சொன்னேன், பாம்புன்னா சொன்னேன்?"

வியாழக்கிழமை மத்தியானத்திலிருந்து மாலினி வாயைத் திறக்கவில்லை. பேசுவதற்கே திறக்கவில்லை. ஸ்பூனும் டார்ச்சும் கேட்பாரற்றுக் கிடந்தன. தயிர்சாதத்தை இடது பக்கம் ஒதுக்கி மெதுவாக மென்றாள். பெரியவர்கள் பேசும்போது மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். நான் எல்லாப் பழியையும் எறும்பின் மேல் போட்டேன்.

இங்கே வீட்டில் நடந்துகொண்டிருந்த இன்னொரு காரியத்தைச் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் பின்னால் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொதுவாக ஒரு துண்டு நிலம் கிடக்கிறது. என் சின்ன வயதில் வேர்க்கடலை போட்டது. இப்போது சுற்றிலும் அடுக்குமாடிகள் வந்துவிட்டன. நான் ஊரில் இருக்கும்போதே பிரித்துவிடலாம் என்று அண்ணனும் தம்பியும் முடிவு செய்திருந்தார்கள். மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டு ஆண்கள் சம்மதத்தையும் சண்டை போலத்தான் பேசுவார்கள். மூன்று வேளையும் அதே பேச்சு. நான் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஊர்ப்பேச்சை அப்படிக் கேட்காமல் இருக்க முடிவது ஊரில் பிறந்தவர்களுக்கு மட்டும் கிடைத்த வசதி.

வெள்ளிக்கிழமை காலை சர்வேயர் வந்தார். கையில் டேப், கூட வந்த ஆளின் தோளில் கடப்பாரை, ஆட்டோவில் நான்கு சர்வே கல். வாசலில் நின்று, "சொத்தை அளக்கணும்னு சொன்னீங்களே, எங்க கீது?" என்றார். கூடத்திலிருந்த மாலினி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிப்போய் பாத்ரூமில் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

கதவுக்கு வெளியே நான், அக்கா, அப்பா. உள்ளே விசும்பல். "எறும்புன்னு யாரு சொன்னது?" என்று நான் அக்காவை முறைக்க, அவள் அப்பாவை முறைக்க, அப்பா மிக்ஸியை முறைத்தார். கடைசியில் நான் தரையில் உட்கார்ந்து கதவிடுக்கில் பேசினேன்.

"மாலு, டாக்டர் கிட்ட சாயங்காலம்தானே போறோம்? எதுக்கு இப்பவே பயம்?"

"டாக்டர் கிட்ட வரேன். சர்வேயர் வேண்டாம்!"

"சர்வேயரா? அவருக்கும் உனக்கும் என்னம்மா?"

"அவர் என் சொத்தை அளப்பார். அப்புறம் பிரிப்பார். நடுவில் கல் நடுவார். சுத்தி வேலி போடுவார். காலியா விட்டா பக்கத்துக்காரன் புகுந்துடுவான்னு சின்ன தாத்தா சொன்னார்." கொஞ்சம் அழுதுவிட்டு மறுபடி குரல் வந்தது. "அப்பா, என் வாய் ரொம்பச் சின்னது. கல் பெரிசா இருக்கு."

எனக்குப் புரிய ஒரு மூச்சு நேரம் ஆனது. புரிந்ததும் சிரிப்பு பீறிட்டு வந்தது. சொத்து என்ற சொல்லை நான் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவே இல்லை. எர்லாங்கனில் இரண்டு அறை வாடகை வீட்டில் அதற்கு என்ன வேலை? அவளுக்குத் தெரிந்தது சொத்தை மட்டும். சொத்தைப் பிரிக்கணும், சொத்தை அளக்கணும், சொத்தைக் காலியா விடக்கூடாது என்று மூன்று நாளாகக் காதில் விழுந்ததெல்லாம் அவள் பல்லைப் பற்றித்தான். இரண்டாம் வேற்றுமை உருபு ஒரு குழந்தையை பாத்ரூமில் பூட்டும் என்று பள்ளிக்கூடத்தில் என் தமிழய்யா எச்சரிக்கவில்லை. ஒரு வீடே கூடி உட்கார்ந்து தன் வாயில் கல் நடத் திட்டம் போடுவதைக் கேட்டுக்கொண்டு, அதே வீட்டில் தயிர்சாதமும் சாப்பிட்டிருக்கிறாள். அந்தத் தைரியத்துக்கு முன்னால் என் ஒத்திகையெல்லாம் எம்மாத்திரம்?

கதவிடுக்கிலேயே விளக்கினேன். சொத்து வேறு, சொத்தை வேறு. அது நிலம், இது பல். கல் வெளியே மண்ணில் நடுவதற்கு. அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சரிந்துவிட்டார். தாழ்ப்பாள் மெல்ல விலகியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தவள், "அப்போ எல்லாரும் என் பல்லைப் பத்திப் பேசலையா?" என்று கேட்டாள். குரலில் நிம்மதியோடு லேசான ஏமாற்றமும் இருந்தது. பிறகு நிலத்துக்குப் போய் நான்கு கல்லும் நடுவதை முன்வரிசையில் நின்று மேற்பார்வை பார்த்தாள்.

சாயங்காலம் ஆட்டோவில் மூன்று பேர் போனோம். அப்பா தானாகவே ஏறிக்கொண்டார். டாக்டரம்மா இளவயது, பேச்சில் நெல்லைச் சாயல் இருந்தது. என்னைப் பார்த்து, "சாருக்குச் சொந்த ஊர் எது?" என்றார்.

"வெள்ளானூர்."

"அது இப்ப இருக்க ஊரு. சொந்த ஊரைக் கேட்டேன்."

"வெள்ளானூரேதான்."

"அப்படியா! இங்க சொந்த ஊர்க்காரங்களை இப்பத்தான் சார் பாக்கேன்" என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். அவர் திருநெல்வேலியை விட்டு வந்து நான்கு வருடமாம். ஆவடியில் எந்தத் தெருவில் தண்ணீர் தேங்கும், எந்தக் கடையில் மாவு புளிக்காது என்று அவருக்குத் தெரிந்த அளவு எனக்கு இப்போது தெரியாது. கிளினிக் வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பதையே நான் மறந்துபோய், அப்பா முழங்கையால் இடித்துத்தான் கழற்றினேன்.

மாலினி நாற்காலியில் தானே ஏறினாள். கண்ணாடியைப் பார்த்து "ஸ்பூன்" என்றாள். டாக்டர் எண்ணினார், படம் எடுத்தார், பல்லைக் காப்பாற்ற முடியாது என்றார். எல்லாம் நான் சொன்ன வரிசையிலேயே நடந்தது. ஊசி வந்தது. டாக்டர் அதைக் கைக்குள் மறைத்துக்கொண்டு, ஊரெல்லாம் சொல்கிற அதே வாக்கியத்தைச் சொன்னார்: "எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்."

மாலினி வாயை மூடினாள். "எந்த எறும்பு?"

டாக்டர் என்னைப் பார்த்தார். மாலினியும் என்னைப் பார்த்தாள். ஒன்பது வயதிலேயே சத்தியம் செய்தவன் நான். ஜெர்மனில் இதே கேள்விக்குப் பதில் சுலபமாக வந்திருக்கும். அந்தப் பதிலை எனக்கு யாரோ அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். தமிழில் என் நாக்கு நுனியில் வந்து நின்றது 'பிள்ளையார் எறும்பு கண்ணு' என்பதுதான். ஒன்றும் ஆகாது, வலிக்காது, இதோ முடிந்துவிட்டது என்று எனக்குச் சொல்லப்பட்ட எல்லாப் பொய்யும் வரிசையில் நின்றன. அவற்றில் ஒன்றுகூட அன்பில்லாமல் சொல்லப்பட்டதில்லை என்பது அந்த நாற்காலியின் பக்கத்தில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. வாயைத் திறந்தேன்.

"செவப்பெறும்பு கண்ணு" என்றார் அப்பா எனக்குப் பின்னாலிருந்து. "வலிக்கும். உங்கப்பனுக்கும் வலிச்சிது. நான்தான் பொய் சொல்லி இட்டுகினு போனேன்."

மாலினி யோசித்தாள். "ஒண்ணா, நிறையவா?"

"ஒண்ணே ஒண்ணு" என்றார் டாக்டர். ஊசியை மறைத்திருந்த கையை அவரும் விரித்துக் காட்டினார். "நீ பத்து எண்ணு. அதுக்குள்ள அது போயிரும்."

மாலினி அகலமாக வாயைத் திறந்தாள். ஒரு கையால் என் விரலையும் இன்னொரு கையால் தாத்தாவின் விரலையும் பிடித்துக்கொண்டு, மூக்கால் ஜெர்மனில் பத்து எண்ணினாள். ஏழில் கண் நிறைந்தது, பத்தில் முடிந்தது. உதடு மரத்த பிறகு அவளுக்கு எல்லாமே வேடிக்கைதான். பல் இரண்டு துண்டாக வந்தது. "சொத்தை அரிச்சதால ரெண்டா உடைஞ்சிட்டு" என்று டாக்டர் இரண்டையும் கழுவிப் பஞ்சில் வைத்துக் கொடுத்தார். பிறகு என்னிடம் சொன்னார், "பெரிய பல்லு வர இன்னும் சில வருசம் ஆகும் சார். இடத்தைக் காலியா விட்டா பக்கத்துப் பல்லு சாஞ்சி வந்துரும். ஊருக்குப் போனதும் ஒரு கம்பி வளையம் போட்டுருங்க."

மரத்த உதடு கோண, பஞ்சைக் கடித்தபடியே மாலினி வெற்றிக்குரல் எழுப்பினாள். "நான் தொன்னேன்ல! வேலி!"

வரும் வழியில் அப்பா ஆட்டோவை ஒரு பரோட்டாக் கடை முன் நிறுத்தச் சொன்னார். மாலினிக்குக் கப்பில் ஐஸ்கிரீம், எனக்கு இரண்டு பரோட்டா. "அன்னிக்கு எனக்கே பயமா இருந்துச்சி நைனா. உன்கிட்ட எப்டி சொல்றதுன்னு தெரியல" என்றார், இலையைப் பார்த்துக்கொண்டு. நான் பிய்த்துச் சால்னாவில் தோய்த்துச் சாப்பிட்டேன். பல் கூசவில்லை. இன்னும் ஒன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த பிரச்சினை, பல்லை என்ன செய்வது. எர்லாங்கனில் விழுந்த பல்லைத் தலையணைக்கு அடியில் வைத்தால் த்ஸான்ஃபே என்ற பல் தேவதை வந்து எடுத்துக்கொண்டு ஒரு நாணயம் வைத்துவிட்டுப் போகும். வெள்ளானூரில் கூரை மேல் எறிய வேண்டும். எறிந்தால்தான் புதுப்பல் நன்றாக வரும். தேவதைக்கு விசா கிடைக்குமா என்றாள் அக்கா. கூரை மேல் போட்டால் தேவதை கோபித்துக்கொள்ளும் என்றாள் மாலினி. பஞ்சைப் பிரித்து இரண்டு துண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு பெரிய துண்டைத் தனக்கென்று கொண்டுவந்திருந்த குட்டி டப்பாவில் போட்டு மூடினாள். சின்னதை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். வீடு மொட்டை மாடி. கூரை என்று மிச்சமிருப்பது பைக் நிறுத்தும் தகரக் கொட்டகைதான். காலையில் நட்ட கல் அதன் ஓரத்திலேயே நின்றது. மாலினி முழுப்பலத்தோடு எறிந்தாள். டிங் என்றது தகரம். உருண்டு அந்தப்பக்கம் போனது. காம்பவுண்டு ஓரம் நின்றிருந்த சித்தப்பா, "எம்பாகத்துல கீது, எனக்குத்தான்!" என்று கத்தினார்.

"பரவாயில்ல சின்ன தாத்தா, வச்சுக்கோங்க" என்றாள் மாலினி. டப்பாவைக் காதருகே குலுக்கிக் காட்டிவிட்டு, மூன்று நாளாகக் கேட்டுப் பழகிய குரலில் அறிவித்தாள், "சொத்தைப் பிரிச்சாச்சு!"

திரும்பி வந்த மூன்றாம் வாரம் முதலை அட்டை வந்தது. எர்லாங்கன் டாக்டர் எங்கள் ஆவடி டாக்டரின் வேலையைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். இடைவெளியில் கம்பி வளையம் பொருத்தினார். அதற்கு ஜெர்மனில் பிளாட்ஸ்ஹால்டர் என்று பெயர். வரப்போகிறவருக்காக இடத்தைப் பிடித்து வைத்திருப்பது. உதவியாளர் பெண் மாலினியிடம், விழுந்த பல் எங்கே என்று கேட்டார். "பாதி இந்தியாவில், மீதியைத் தேவதை எடுத்துக்கொண்டது" என்றாள். அவர் தன் காதில் தவறாக விழுந்ததோ என்று என்னைப் பார்த்தார். சரிதான் என்றேன்.

அன்று மாலை வீடியோவில் அப்பாவைக் கூப்பிட்டோம். மாலினி கேமராவுக்குள்ளேயே போய்விடுவது போல வாயைத் திறந்து கம்பியைக் காட்டி, "பிளாட்ஸ்ஹால்டர்" என்றாள். "இன்னாது நைனா அது, பேரு வாயில நொயையல" என்றார் அப்பா. பிளாட்ஸ்ஹால்டர் என்றால் இடத்தைப் பிடித்து வைக்கிற ஒரு சாதனம், வேறு யாரும் வந்து உட்கார்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது என்று ஏதேதோ சொல்லித் தடுமாறினேன். அப்பா பொறுமையிழந்தார்.

"துண்டு போடறதுன்னு சொல்லேன்."

அதற்கு மேல் நல்ல தமிழ் எனக்குத் தெரியவில்லை. ஒத்துக்கொண்டேன். அப்பா போனைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் நடந்தார். திரையில் தகரக் கொட்டகை வந்தது, கல் வந்தது, வெயில் வந்தது. மாலினி எட்டிப் பார்த்து, "என் பல் அங்கேயே இருக்கா தாத்தா?" என்று கேட்டாள்.

"எங்க போவும்? துண்டு போட்டுட்டுத்தானே போயிருக்க கண்ணு. ஒரு பய குந்த மாட்டான்."